டார்ஜிலிங் ரயில் பொம்மையா?



ஒரு பொருளைப் பாராட்டிப் பாராட்டியே அதன் மதிப்பைக் குறைத்துவிட முடியும். இமயமலையின் அடிவாரத்திலிருந்து டார்ஜிலிங் நகருக்கு ஏறிச் செல்லும் சிறிய ரயிலுக்கு இதுவே நேர்ந்திருக்கிறது. அந்த ரயிலின் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அதை நமக்கு எடுத்துச் சொல்லும் முறையின் மேல்தான் குறை. அந்தக் குறையை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்துடன் டார்ஜிலிங் சென்றிருந்தேன். அங்கே வரும் பெரும்பாலோர் செய்வதையே நாங்களும் செய்தோம். டார்ஜிலிங்கில் ஏறி, கூம் நிலையம் வரை சென்று, மீண்டும் டார்ஜிலிங்கிலேயே இறக்கிவிடும் உல்லாச ரயிலுக்குச் சீட்டு வாங்கினோம். உடன் வந்த வழிகாட்டி ஒரு கதை சொன்னார். பாதை போட்டுக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஓரிடத்தில் செங்குத்தான மலையைக் கண்டு திகைத்து நின்றுவிட்டாராம். மேற்கொண்டு வழியில்லை, வேலையைக் கைவிட வேண்டியதுதான் என்று மனைவியிடம் புலம்பினாராம். "முன்னே போக முடியாவிட்டால் பின்னே வாருங்களேன்" என்றாராம் அந்த அம்மையார். உடனே பொறியாளருக்குப் பொறி தட்டியதாம். இப்படிப் பிறந்ததுதான், ஆங்கில 'இசட்' எழுத்தைப் போல் முன்னும் பின்னுமாக ஏறும் தடம் என்று வழிகாட்டி முடித்தார். எல்லோரும் கை தட்டினோம்.

என் மகள் மட்டும் சன்னலிலிருந்து தலையைத் திருப்பி, "அப்பா, அந்த இசட் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

வழிகாட்டி என்னைப் பார்த்தார். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அந்தப் பயணத்தில் இசட் தடம் ஒன்றுகூட இல்லை! ஆறு இசட் தடங்களும் குர்சியாங்குக்குக் கீழே, மலையின் அடிப்பகுதியில் இருக்கின்றன. உல்லாச ரயில் அந்தப் பக்கம் போவதே இல்லை.

கதை சொல்வதும் ஆண்டுகள் சொல்வதும்

முதலில் கதையை ஆராய்வோம். இதைப் பல பயண நூல்களிலும் காணலாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை.

கிழக்கு வங்க ரயில்வேயின் முகவராக இருந்த பிராங்க்ளின் பிரஸ்டேஜ் இந்தப் பாதையை முன்மொழிந்தார். வங்காளத்தின் துணை ஆளுநர் ஆஷ்லி ஈடன் ஒப்புதல் அளித்தார். 1879-இல் வேலை தொடங்கியது. 1880 ஆகஸ்டில் வண்டி குர்சியாங்கை எட்டியது. 1881 ஜூலையில் டார்ஜிலிங்கை அடைந்தது. சுக்னாவுக்கும் கயாபாரிக்கும் இடையில் முதல் இசட் தடங்கள் அமைக்கப்பட்டதோ 1882-இல். அதாவது ரயில் உச்சிக்குச் சென்று சேர்ந்த பிறகு! வழியே இல்லாமல் நின்ற பொறியாளரை அந்த அம்மையார் காப்பாற்றியிருக்க வேண்டிய தேவை எழவே இல்லை. பாதை ஏற்கெனவே மேலே போய்விட்டது. ஆனால் சில இடங்களில் ஏற்றம் எஞ்சினுக்கு மிகக் கடுமையாக இருந்தது. அதைத் தணிக்கவே இசட் தடங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று, 1942-இல் வெள்ளத்தால் ஒரு வளையத் தடம் கெட்டுப்போனபோது அதற்கு மாற்றாகப் போடப்பட்டதாகும்.

இன்னொரு செய்தி. இந்த உத்தி டார்ஜிலிங்கில் பிறந்ததும் அன்று. பம்பாயிலிருந்து புனே செல்லும் வழியில் போர் கணவாய் ஏற்றத்தில், கண்டாலா அருகே, வண்டி நின்று திசை மாறி ஏறும் நிலையம் 1863-லேயே இயங்கியது. ஆஸ்திரேலியாவின் லித்கோ மலைச்சரிவில் 1869-இல் இசட் தடம் திறக்கப்பட்டது. டார்ஜிலிங் பொறியாளர்கள் தம் தொழிலில் அறியப்பட்ட ஒரு வழியைத் தக்க இடத்தில் கையாண்டார்கள். அதுவும் அறிவுடைமைதானே!

கதையில் ஒரு பெண்மணி இருந்தே ஆக வேண்டுமெனில், உண்மையான ஒருவரே இருக்கிறார். போர் கணவாய் வேலையை ஒப்பந்தம் எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859-இல் இறந்தபோது, அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அந்த ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, தேர்ந்த பொறியாளர்களை அமர்த்தி வேலையை நடத்தினார். அவர் பெயரை நம் வழிகாட்டிகள் சொல்லக் கேட்டதில்லை.

பொய்க் கதையால் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். கேடு இதுதான். 'திடீரென்று தோன்றிய யோசனை' என்று சொன்ன உடனே, 'ஏன்' என்னும் கேள்வி செத்துவிடுகிறது. ஏற்றம் ஏன் கடுமையாக இருந்தது? எஞ்சினுக்கு எது முடியவில்லை? இவற்றைக் கேட்க வாய்ப்பே இல்லாமல் கை தட்டிவிடுகிறோம்.

காளைக்கும் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு

கேட்டுப் பார்ப்போம். ரயில் வருவதற்கு முன்பே சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஒரு வண்டிப் பாதை இருந்தது. 1860-களில் போடப்பட்ட அந்தச் சாலையில் மாட்டு வண்டிகள் சென்றன. அரிசி போன்ற பண்டங்கள் அந்த வண்டிகளில் மேலே போய்ச் சேர்வதற்குள் விலை பன்மடங்கு ஏறிவிடும். பிரஸ்டேஜ் ரயில் கேட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அரிசியும் தேயிலையும் ஏற்றத்தான் ரயில் வந்தது. உல்லாசத்துக்கு அன்று. செலவைக் குறைக்க, தண்டவாளத்தைப் பெரும்பாலும் அந்தச் சாலையின் ஓரமாகவே போட்டார்கள். இன்றும் ரயில் சாலையை அடிக்கடி குறுக்கே கடந்து செல்வதைக் காணலாம்.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிட்டது. காளையின் குளம்பு மண்ணில் பதிந்து பிடித்துக்கொள்ளும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அப்படிப் பதிவதில்லை. சமதளத்தில் இது பெரிய நன்மை. ஒரு டன் எடையுள்ள பெட்டியை உருட்ட 5 அல்லது 6 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையே போதும். மலையில் அதே வழுவழுப்பு பகையாகிறது.

உங்கள் மேசை மேல் ஒரு 30 செ.மீ. அளவுகோலை வையுங்கள். ஒரு முனையை மட்டும் 1 செ.மீ. உயர்த்துங்கள். இதுதான் 30-க்கு 1 என்னும் சாய்வு. கண்ணுக்கு ஏற்றமாகவே தோன்றாது. சமவெளி முடியும் சுக்னாவிலிருந்து கூம் நிலையம் வரை, சுமார் 65 கி.மீ. தொலைவில், டார்ஜிலிங் ரயில் சுமார் 2,100 மீட்டர் ஏறுகிறது. இதன் சராசரி ஏறக்குறைய 30-க்கு 1. சில இடங்களில் இதைவிடக் கடுமை. ஆகவே நம் கணக்குக்கு 25-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம்.

25-க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னையும் புவி ஈர்ப்பு 40 கிலோகிராம் எடை விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது. உருளும்போதும் வளைவுகளில் திரும்பும்போதும் ஏற்படும் தடைக்கு 10 சேர்ப்போம். ஆக டன்னுக்கு 50. இந்தப் பாதையில் 1889 முதல் ஓடிவரும் 'பி' வகை நீராவி எஞ்சினின் எடை சுமார் 15 டன். அதன் நான்கு சக்கரங்களும் இயக்கச் சக்கரங்களே. எனவே முழு எடையும் பிடிப்புக்குப் பயன்படுகிறது.

உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் கெழு 0.25 எனக் கொண்டால், சக்கரம் வழுக்காமல் தரக்கூடிய பெரும விசை 15,000-இல் கால் பங்கு, அதாவது 3,750 கிலோகிராம் எடை. இதை 50-ஆல் வகுத்தால் 75 டன். எஞ்சினின் 15 டன்னைக் கழித்தால், 60 டன் வரை சக்கரம் வழுக்காது. இனி மழை பெய்து, உராய்வுக் கெழு 0.1-க்கு இறங்கிவிட்டதாகக் கொள்வோம். அதே கணக்கில் மொத்தம் 30 டன். எஞ்சின் போக மீதி 15 டன்தான்! அறுபது பதினைந்தாகிவிட்டது. எஞ்சின் அதேதான், நிலக்கரி அதேதான், ஓட்டுநரும் அவரேதான். ஒரு தூறல் முக்கால் பங்கைத் தின்றுவிட்டது. இமயத்தின் இந்தப் பகுதியோ மழைக்கும் மூடுபனிக்கும் பெயர் பெற்றது.

நீராவி எஞ்சினின் முன்புறம் இருவர் அமர்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டு செல்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுப் பயணிகள் அவர்களைச் சிரித்துக்கொண்டே படமெடுக்கிறார்கள். நம்மவரும் 'பழங்கால வேடிக்கை' என்றே எழுதுகிறார்கள். மேலே கண்ட கணக்கை மீண்டும் பாருங்கள். 15-ஐ மீண்டும் 60-ஐ நோக்கி ஏற்றுவது அந்தக் கைப்பிடி மணல்தான். குளிரிலும் புகையிலும் அமர்ந்து உராய்வுக் கெழுவைக் கையால் சரிசெய்துகொண்டு போகும் தொழிலாளர்கள் அவர்கள். அவர்களை வேடிக்கை என்பது அறியாமை.

நம் நீலகிரி ரயிலை அறிந்தவர்கள், டார்ஜிலிங் ரயிலும் பற்சக்கரத்தில்தான் ஏறுகிறது என்று எண்ணிவிடுவதுண்டு. அது தவறு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சாய்வு 12.5-க்கு 1. உங்கள் அளவுகோலை 2.4 செ.மீ. உயர்த்துங்கள். அதுதான் நீலகிரி. டன்னுக்கு 80-உம் 10-உம் சேர்த்து 90 வேண்டும். மழைநாளில் நம் 15 டன் எஞ்சின் ஏறக்குறைய தன்னை மட்டுமே இழுத்துக்கொள்ளும். ஆகவே அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் வைத்து, பற்சக்கரத்தை அதில் கோத்து ஏறச் செய்தார்கள். டார்ஜிலிங்கில் பல் கிடையாது. உராய்வு ஒன்றே துணை. உராய்வை மட்டும் நம்புவதானால் சாய்வைக் குறைக்க வேண்டும். சாய்வைக் குறைக்கப் பாதையை நீட்ட வேண்டும். மலையில் நீட்ட இடம் ஏது? வளையமும் இசட்டும் இந்தக் கேள்விக்கான இரண்டு விடைகள்.

ஏன் இவ்வளவு சிறிது?

'பொம்மை ரயில்' என்னும் பெயர் பாதையின் அகலத்தால் வந்தது. இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 61 செ.மீ.தான். நம் அகலப் பாதைக்கு 167.6 செ.மீ. சிறியதாக இருப்பதால் பொம்மை என்கிறார்கள். சிறியதாக இருந்ததனால்தான் மலை ஏற முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை.

வண்டி ஒரு முழு வட்டம் சுற்றுவதாகக் கொள்வோம். வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமானது. எவ்வளவு நீளம்? இடைவெளியை 2π-ஆல் பெருக்கினால் போதும். வட்டத்தின் ஆரம் எதுவாயினும் விடை மாறாது! 61 செ.மீ. பாதைக்கு இது சுமார் 3.8 மீட்டர். அகலப் பாதைக்கு சுமார் 10.5 மீட்டர். ரயிலின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுழல முடியும். சக்கரத்தின் சரிவான விளிம்பு இந்த வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்யும். மிகக் கூரிய வளைவில் மீதியைச் சக்கரம் தேய்ந்து, சறுக்கி, கிறீச்சிட்டே ஈடுசெய்ய வேண்டும். பாதை குறுகக் குறுக இந்தத் தொல்லையும் குறைகிறது.

அகலப் பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் ரயில்வேயின் விதி. அங்கே ஒரு வளையம் போட 350 மீட்டர் குறுக்களவுள்ள இடம் வேண்டும். டார்ஜிலிங் பாதையில் ஆரம் 20 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. 20 மீட்டர் ஆர வட்டத்தின் சுற்றளவு சுமார் 126 மீட்டர். 30-க்கு 1 சாய்வில் அதைச் சுற்றி வந்தால் 4 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்துவிடலாம். சிறிய எஞ்சின் தன் பாதைக்கு மேலாகவே பாலம் போட்டுக் கடக்க இது போதும். இதுதான் வளையம்.

அந்த 40 மீட்டர் இடமும் கிடைக்காத சரிவில்தான் இசட். மலைமுகத்தில் மூன்று படிகள் வெட்டினால் போதும். முதல் படியில் வண்டி முன்னே ஏறி முட்டுத் தடத்தில் நிற்கும். தடம் மாற்றியதும் பின்னோக்கி இரண்டாம் படியில் ஏறும். மறுபடி நின்று முன்னோக்கி மூன்றாம் படியில் ஏறும். இதற்கும் விலை உண்டு. நேரம் போகும், தடம் மாற்ற ஆள் வேண்டும், முட்டுத் தடத்தில் கொள்ளும் அளவுக்கு மேல் வண்டியை நீட்ட முடியாது. குறுகிய பாதை, சிறிய எஞ்சின், குட்டையான வண்டி, மெதுவான வேகம் என இவை யாவும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஒரே விடையின் உறுப்புகள். பொம்மைக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை.

பார்ப்பதே நிலைக்கும்

1999-இல் யுனெஸ்கோ டார்ஜிலிங் ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்திய ரயில்களில் இதற்கே அந்தச் சிறப்பு முதலில் கிட்டியது. 2005-இல் நீலகிரியும் 2008-இல் கால்கா-சிம்லாவும் இதனுடன் சேர்ந்தன. கடினமான மலையில் பொறியியல் கண்ட தீர்வு என்பதே அந்தச் சிறப்பின் அடிப்படை. அந்தத் தீர்வின் பெரும்பகுதி இருப்பதோ உல்லாச ரயில் போகாத கீழ்ப்பகுதியில்.

2010-இல் பாக்லாஜோரா அருகே மலை சரிந்தது. 2011-இல் தின்தாரியா அருகே மறுபடி சரிந்தது. சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை நேராகச் செல்லும் வண்டி 2015 டிசம்பரில்தான் மீண்டும் ஓடியது. இந்த ஐந்தாண்டுகளில் மேலே உல்லாச ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படங்கள் எடுக்கப்பட்டன, கைகள் தட்டப்பட்டன. சமவெளியிலிருந்து நேராக வரும் ரயில் இல்லாமற் போனதைச் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேர் உணர்ந்திருப்பார்கள்? என் அச்சம் இதுதான். மக்கள் எதைப் பார்க்கிறார்களோ அதைக் காக்கத்தான் பணமும் குரலும் கிடைக்கும். பார்க்காத பகுதி அடுத்த பெருமழையில் போனால் போனதுதான் என்று விட்டுவிடுவது எளிது.

உல்லாச ரயிலை நான் வெறுக்கவில்லை. அது ஈட்டும் வருவாய் இந்தப் பாதைக்குத் தேவை. அதில் செல்வோரும் பதாசியா வளையத்தைக் காண்கிறார்கள். 1919-இல் கட்டப்பட்ட அந்த வளையம் அழகானது. நான் கேட்பது அதிகமில்லை. சீட்டுடன் பாதையின் படம் ஒன்றைக் கொடுக்கலாம். மணல் தூவுவோர் செய்யும் வேலையை இரண்டு வரியில் எழுதி நிலையத்தில் வைக்கலாம். அடிவாரத்திலிருந்தும் சிறு பயணங்கள் அவ்வப்போது விடப்பட்டிருக்கின்றன, அவற்றை நிலையாக்கலாம். வழிகாட்டிகள் 1882 என்ற ஆண்டைச் சொல்லலாம்.

ஆசிரியர்களாகிய எங்கள் மேலும் குற்றம் உண்டு. சாய்தளத்தின் மீது 'm நிறையுள்ள ஒரு பொருள்' என்று கரும்பலகையில் கட்டம் போட்டே காலம் தள்ளுகிறோம். அந்தக் கட்டத்துக்குப் பதிலாக ஒரு ரயிலை ஏற்றியிருந்தால், மாணவர்கள் டார்ஜிலிங்கில் கேட்க வேண்டிய கேள்வியை வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள்.

1896-இல் டார்ஜிலிங் வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் ரயிலில் ஏறிச் சென்றார். இறங்கும்போது, தண்டவாளத்தில் தானாக உருண்டு செல்லும் கைவண்டியில் பல மைல்கள் இறங்கினார். அவரும் சுற்றுலாப் பயணிதான். ஆனால் அந்த மலையின் சாய்வு முழுவதையும் உடலால் உணர்ந்த பயணி.

நாங்களும் ஒன்று செய்தோம். திரும்புவதற்குப் பேசிவைத்திருந்த ஜீப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டு, நியூ ஜல்பைகுரி வரை பகல் வண்டியிலேயே இறங்கினோம். டீசல் எஞ்சின்தான். சுமார் ஏழு மணி நேரம். மனைவிக்கு முதுகுவலி. கயாபாரிக்குப் பிறகு வண்டி நின்றது, ஒருவர் இறங்கித் தடத்தை மாற்றினார், வண்டி பின்னோக்கி நகர்ந்தது. சற்று முன் நாங்கள் வந்த தண்டவாளம் தலைக்கு மேலே தெரிந்தது. மகள் தன் குறிப்பேட்டில் ஒரு இசட் வரைந்தாள். சிலிகுரி வருவதற்குள் அந்தப் பக்கத்தில் ஆறு இசட்டுகள் இருந்தன.

நீங்கள் டார்ஜிலிங் செல்ல நேர்ந்தால், ஒரு வழியாவது முழுப் பயணமும் ரயிலில் செய்யுங்கள். ஒரு 30 செ.மீ. அளவுகோலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் 'பொம்மை ரயில்' என்று சொன்னால், அதன் ஒரு முனையை ஒரு செ.மீ. உயர்த்திக் காட்டி, கணக்கைத் தொடங்குங்கள்.